சிலையைக் காரணம் காட்டும் பெரியவர்களுக்கு



படாளம் கூட்டுச்சாலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலையும் கரும்பு ஏற்றிய வண்டிகளுமே. அங்கிருந்து திரும்பிச் சிறிது தொலைவு சென்றால் வேடந்தாங்கல். இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மக்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒருநாள், வேடந்தாங்கலைப் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். 38 பிள்ளைகளில் ஐவர் கை உயர்த்தினார்கள். மாமல்லபுரத்தை யார் பார்த்திருக்கிறீர்கள் என்றேன். ஒரு பையன், கடற்கரைச் சாலை வழியே கல்யாண வேனில் போனபோது ஜன்னலில் பார்த்ததாகச் சொன்னான். கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றவர்கள் யார் என்று கேட்டபோது ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஆகவே ஒருநாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டேன். பஜ்ர் தொழுகை முடிந்ததும் வேடந்தாங்கல், பிறகு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்குள்ள சிப்பி அருங்காட்சியகம், வடநெம்மேலி முதலைப் பண்ணை, முடிவில் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா. செலவுக் கணக்கையும் எழுதி, ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், உடன் வரும் தாய்மார்கள் என்று பெயர்ப் பட்டியலும் தயாரித்தேன். அதைப் பெரியவர்களிடம் கொண்டு சென்றபோதுதான் தொடங்கியது விவகாரம்.

முதல் ஆட்சேபம் சிலைகளைப் பற்றியது. "ஓதும் பிள்ளைகளைச் சிலை பார்க்கவா கூட்டிப் போகிறீர்கள், ஹஜ்ரத்?" என்று வயதில் மூத்த ஒருவர் கேட்டார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு; இன்றும் அது குறையவில்லை. ஆயினும் அந்தக் கேள்வியை நான் நேர்மையான கேள்வியாக ஏற்பதற்கில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வேடந்தாங்கலில் சிலை ஏது? நீரில் நிற்கும் மரங்களும் அவற்றில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்க்காகங்களும்தான் அங்கு உண்டு. சிப்பி அருங்காட்சியகத்தில் சிப்பிகள். முதலைப் பண்ணையில் முதலைகள். சிலைதான் மெய்யான தடை என்றால், இன்னும் ஒன்று கேட்கிறேன். கடப்பாக்கத்துக்கு அருகே கடலோரம் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்துக் கோட்டை அது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. நாணயம் அடித்த இடம். கப்பல் வந்து நின்ற துறை. அங்கே எந்தச் சிலையும் இல்லை. நம் மஹல்லாவிலிருந்து அங்கே சென்றவர் எத்தனை பேர்? ஒருவரைக் காட்டுங்கள். ஆண்டுதோறும் வேன் பிடித்துப் பிள்ளைகளை அனுப்பும் கேளிக்கைப் பூங்காவின் வாசலில் பூதங்களும் பொம்மைகளும் ஆளுயரத்துக்கு நிற்கின்றனவே, அங்கே காது செவிடாகும்படி இசை ஒலிக்கிறதே, ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் குதிக்கிறார்களே, அதற்கு எந்தக் கூட்டத்தில் யார் ஆட்சேபம் சொன்னீர்கள்? ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, "பாவம், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும்" என்று சொன்னவர்கள் நீங்களே அல்லவா?

இரண்டாவது ஆட்சேபம் ஹதீஸின் பெயரால் வந்தது. ஆகவே அதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, வேதனை இறக்கப்பட்ட அம்மக்களின் குடியிருப்புகளுக்குள் அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மாமல்லபுரத்துக்கும் இதுவே சட்டம் என்றார் ஓர் இளைஞர். தம்பி, ஸமூது மீது வேதனை இறங்கியது என்பது வஹீயின் மூலம் நமக்குத் தெரிந்த செய்தி. பல்லவர் மீது வேதனை இறங்கியதாக உங்களுக்கு அறிவித்தவர் யார்? அந்த ஊர் அழிந்துபோன ஊரும் அன்று. மீன் பிடித்தும் கல் செதுக்கியும் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மறைவான செய்தியில் அல்லாஹ் அறிவிக்காத ஒன்றை நாமாக ஒரு சமுதாயத்தின் மீது ஏற்றிச் சொல்வதற்கு நான் அஞ்சுகிறேன்; நீங்களும் அஞ்ச வேண்டும். மேலும் அந்த ஹதீஸ் பார்வையைத் தடுக்கவில்லை. எந்த உள்ளத்தோடு பார்க்க வேண்டும் என்பதைத்தான் கற்பிக்கிறது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவையும் படைப்பின் தொடக்கத்தையும் கவனியுங்கள் என்று குர்ஆன் ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் ஏவுகிறது. அந்த வசனங்களைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். பயணம் என்று வந்தால் கதவை அடைக்கிறோம்.

உருவம் செய்வது பற்றிய மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாததன்று. அதை நடத்துபவனே நான்தான். செய்வது ஒன்று, வணங்குவது ஒன்று, வழியில் கண்டு கடந்து போவது முற்றிலும் வேறு ஒன்று. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களோடு மிஸ்ரை அடைந்த ஸஹாபாக்கள், பிரமிடுகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் ஃபுஸ்தாத் நகரை அமைத்துக் குடியேறினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அவர்கள் அங்கே வாழவில்லை. வழிபாடு நடக்கும் இடத்தில், வழிபாட்டு நேரத்தில் போய் நிற்கக் கூடாது என்றால் அதை நானும் சொல்வேன். அந்த எல்லையை நான் தாண்டியதும் இல்லை.

மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் பையன்களை நிறுத்தி, இந்த ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன் நரசிம்மவர்மன் ஏறத்தாழ 630 முதல் 668 வரை ஆண்டவன் என்று சொன்னேன். "அப்போது மதீனாவில் என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டேன். சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் தூங்கும் ஒரு பையன், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவன், "உமர் (ரலி) கலீஃபா ஆனது 634, ஹஜ்ரத்! இவர் அவங்க காலத்து ஆள்!" என்று கத்தினான். ஸீராவை ஒரு நாட்டுக் கதையாகவும் தமிழக வரலாற்றை வேறொரு நாட்டுக் கதையாகவும் படித்த பிள்ளைகளுக்கு, இரண்டும் ஒரே உலகத்தில் ஒரே நாளில் நடந்தவை என்பது அந்தப் பாறை முன்னால்தான் புரிந்தது. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் இது நடந்திராது.

சிப்பி அருங்காட்சியகத்தை நிறுவியவர் ராஜா முகமது என்னும் நம் சகோதரர். 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்த பல்லாயிரம் சிப்பிகளைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி, 2013இல் அதைத் திறந்தார். இதை எங்கள் ஊரில் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முத்தும் சங்கும் காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்களின் செல்வமாக இருந்த காலம் உண்டு. முத்துச் சிப்பி எப்படி இருக்கும் என்று அந்தச் சமுதாயத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தெரியவில்லை.

முதலைப் பண்ணையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. முதலை இறைச்சி கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். தமீரியின் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் முதலையைப் பற்றி எழுதப்பட்டிருப்பதையும் காட்டியிருக்கிறேன். உயிருள்ள முதலையை நான் அருகில் நின்று பார்த்தது அன்றுதான். இந்தியாவில் உள்ள மூன்று முதலை இனங்களும் அங்கே இருக்கின்றன. வாய் ஒடுங்கி நீண்ட கரியாலைக் கண்ட ஒரு பையன், "ஹஜ்ரத், இதற்கும் அதே சட்டமா?" என்று கேட்டான். கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதே வளாகத்தில் 1978 முதல் இருளர் சமுதாயத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு நஞ்சு எடுக்கிறார்கள்; பாம்புக்கடிக்கு மருந்து அதிலிருந்து உருவாகிறது. வயல்காட்டில் வாழும் நம் மக்களுக்கு இது தெரிய வேண்டாமா?

தட்சிணசித்ராவில் தென்னகத்தின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, காஞ்சி நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு ஆகியவற்றோடு, சிக்மகளூரிலிருந்து வந்த முஸ்லிம் வீடும் அங்கு உண்டு. 'இது நம்ம வீடு' என்று பையன்கள் அதற்குள் ஓடியதை நான் நின்று பார்த்தேன். இந்த மண்ணின் கதையில் நமக்கும் ஓர் அறை உண்டு என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்? நாம் போகாத இடத்தில் நம்மைப் பற்றிப் பிறர் பேசுவதுதான் மிஞ்சும். பிறகு 'நம் வரலாற்றை மறைக்கிறார்கள்' என்று மேடை போட்டு முழங்குவதில் என்ன பயன்?

பறவையியலாளர் சலீம் அலி (1896–1987) தாய் தந்தையை இழந்து மாமா வீட்டில் வளர்ந்த சிறுவன். பம்பாயில் அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று கேட்ட பையனை மாமா அமீருத்தீன் விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் கண்ட அன்றுதான் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது. அப்படி ஒரு மாமா நம் தெருவில் இருந்திருந்தால் "குருவியைப் பார்த்தால் சோறு கிடைக்குமா?" என்றுதான் கேட்டிருப்பார். குருவி இறந்து வருந்திய சிறுவன் அபூ உமைரிடம் அந்தக் குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். வேடந்தாங்கல் மக்கள் பல தலைமுறைகளாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 1798இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து அதற்கு ஆணையும் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதும் அவர்களுக்குத் தெரியும். மதீனாவைச் சுற்றி வேட்டைக்கும் மரம் வெட்டுவதற்கும் நபி (ஸல்) அவர்கள் தடை விதித்த பாடத்தை இனி அந்தக் கரையில் அமர்ந்துதான் நடத்தப்போகிறேன்.

இதுவரை 'பையன்கள்' என்றே எழுதிவந்திருக்கிறேன். கவனித்திருப்பீர்கள். மூன்றாவது ஆட்சேபம் பெண் பிள்ளைகளைப் பற்றியது. அதில் நான் தோற்றேன். சரியாகச் சொன்னால், பணிந்தேன். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்கள். பயணமே நின்றுவிடுமோ என்று அஞ்சி, பட்டியலிலிருந்து 16 பெயர்களை என் கையாலேயே அடித்தேன். அவற்றுள் ஒன்று என் மகளின் பெயர். அன்றிரவு வீடு திரும்பியபோது அவள் தூங்காமல் காத்திருந்தாள். "கூழைக்கடா மூக்கு எவ்வளவு நீளம், அத்தா?" என்றாள். கையை விரித்துக் காட்டினேன். "தம்பி வேற மாதிரி காட்டினானே" என்றாள். எந்த அளவு சரி என்று பார்த்துக்கொள்ள அவளுக்கு வழியில்லை.

மஹ்ரம் பற்றிப் பேசுகிறீர்களா? தாயும் தந்தையும் உடன் வரும் வேன் அது. பொழுது சாய்வதற்குள் திரும்பும் பயணம். தொழ இடமில்லை என்கிறீர்களா? பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது; ஒரு பாய் போதும். மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்று சலிக்கும் வரை நபி (ஸல்) அவர்கள் மறைப்பாக நின்று பார்க்கவைத்தார்கள். பார்க்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவ்வளவு நேரம் நின்றவர்களின் உம்மத் நாம். இன்னொன்றையும் கேளுங்கள். முதலைப் பண்ணையை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து நிறுவிய ஜாய் விட்டேக்கர் ஒரு பெண், சலீம் அலியின் உறவினர். 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை உருவாக்கிய டெபோரா தியாகராஜனும் பெண்ணே. பெண்கள் கட்டி எழுப்பிய இரண்டு இடங்களுக்கு ஆண் பிள்ளைகளை மட்டும் அழைத்துச் சென்று திரும்பியவன் நான். அதற்காக அந்த 16 பிள்ளைகளிடமும் மக்தபில் வைத்தே வருத்தம் தெரிவித்தேன்.

வரும் அரையாண்டு விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், மறுபடியும் போகிறோம். டிசம்பர் இறுதியில் வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும். முதலைப் பண்ணைக்குத் திங்களும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாயும் விடுமுறை, ஆகையால் புதன்கிழமை. அஸர் கோவளத்தில். பிரியாணி அண்டா வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை ஆண்கள் பார்த்துவர, நீங்கள் இரவு முழுவதும் அடுப்படியில் நின்றது போதும். அவரவர் வீட்டில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வேன். பெயர் கொடுக்க விரும்புவோர் இஷாவுக்குப் பிறகு மக்தபுக்கு வரலாம். நோட்டின் முதல் பக்கத்தைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். முதல் பெயரை என் மகளே எழுதிவிட்டாள்.