எட்டு மணி நேரத்துக்கு வெளியே

சீனத்தின் தெற்கே, முத்து நதிக் கரையில், குவாங்சௌ என்ற மாநகரம் இருக்கிறது. வயது முதிர்ந்த வாசகர்கள் இதைக் கான்டன் என்ற பெயரால் அறிவார்கள். 1925இலும் 1926இலும் ஹாங்காங், கான்டன் தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தமும், 1927 டிசம்பரில் எழுந்து ரத்தவெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்ட கான்டன் கம்யூனும் உலகத் தொழிலாளி வர்க்கத்தின் நினைவில் என்றும் நிற்பவை.

அந்த நகரத்தின் ரயில் நெரிசலைப் பற்றி இந்த வாரம் எழுத வந்திருக்கிறோம். புரட்சிகள் எழுந்த நகரத்தைப் பற்றி எழுத ரயில் கூட்டம்தானா கிடைத்தது என்று சிலர் கேட்கலாம். ஆம், ரயில் கூட்டம்தான். உழைப்பாளி தினமும் காலையில் நசுங்கிக்கொண்டு போகிற இடம் எதுவோ, அதுவும் அரசியல் பேச வேண்டிய இடமே.

குவாங்சௌவின் தரைக்கடியில் ஓடும் சுரங்க ரயிலுக்கு முதல் பாதை 1997இல் திறக்கப்பட்டது. அது 1999இல் முழுமை பெற்றபோது 18 கிலோமீட்டர் சொச்சம் நீளமே இருந்தது. 2024 முடிவில் அந்நகரத்துப் பாதைகளின் மொத்த நீளம் 700 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் இவ்வளவு! பாறையைக் குடைந்து, ஆற்றுக்கு அடியில் வழி அமைத்து, தண்டவாளம் இட்ட தொழிலாளர்களின் கைவண்ணம் இது. திட்டமிட்டுச் செலவிடும் ஒரு சர்க்காரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி. இதை மூடி மறைப்பவர்களோடு நமக்கு உறவில்லை.

அதே வேளையில், இவ்வளவு கட்டிய பிறகும் 3ஆம் எண் பாதையில் காலை நேரத்தில் கதவுக்குள் காலை நுழைக்க இடமில்லாமல் போனது ஏன்? இந்தக் கேள்வியை மூடி மறைப்பவர்களோடும் நமக்கு உறவில்லை.

மூன்று பெட்டியில் தொடங்கிய பாதை

3ஆம் எண் பாதையின் முதல் பகுதி 2005 டிசம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அது தெற்கே பான்யூ வரை நீண்டது. 2010 அக்டோபர் 30ஆம் தேதி, ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, வடக்கே விமான நிலையம் வரை நீண்டது. தெற்கே பான்யூ, வடக்கே விமான நிலையம், வடகிழக்கே தியான்ஹே பஸ் நிலையம் என்று மூன்று திசைகளிலிருந்தும் வரும் ஜனங்கள் நடுவே தியூ ஷீலு என்ற நிலையத்தில் வந்து கூடுகிறார்கள். மூன்று வாய்க்கால் ஒரு மடையில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்தப் பாதையில் வண்டி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். வேகத்தைக் கணக்கிட்டவர்கள் ஆட்களைக் கணக்கிட்டார்களா? தொடக்கத்தில் வண்டிக்கு மூன்றே பெட்டிகள் வைத்தார்கள். பெட்டியின் அகலமும் குறைவு. முதல் பாதையில் பெட்டியின் அகலம் 3 மீட்டர், இங்கே 2.8 மீட்டர். ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே, 2010இல், மூன்றோடு மூன்றாக இரண்டு வண்டிகளைக் கோத்து ஆறு பெட்டிகள் ஆக்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல் கோக்க நடைமேடையில் இடமில்லை. குகையை ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு அதை இழுத்து நீட்ட முடியாது. பெட்டியின் அகலத்தையும் கூட்ட முடியாது. காகிதத்தில் நடந்த கணக்குப் பிழை கான்கிரீட்டில் நிலைத்துவிட்டது.

இன்று நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் பிரயாணங்கள் இந்த ஒரே பாதையில் நடக்கின்றன. நெரிசல் நேரத்தில் நிலையத்தின் வாசலுக்கு வெளியே தடுப்புக் கம்பிகளை வளைத்து வளைத்து நிறுத்தி, வரிசையை அதில் நடக்கவிட்டு, சிறிது சிறிதாக உள்ளே அனுப்புகிறார்கள். நடுவழி நிலையங்களில் காத்திருப்பவர்களும் ஏற வேண்டும் என்பதற்காகக் காலி வண்டியை அங்கே கொண்டுவந்து விடுவதும் உண்டு. அங்கே வேலை செய்யும் ரயில் ஊழியர்கள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். நெரிசலுக்கு அவர்களைத் திட்டுவது, தண்ணீர் வரவில்லை என்று மடை திறப்பவனைத் திட்டுவது போன்றது. குற்றம் மடையில் இல்லை. ஏரியைப் பார்க்க வேண்டும்.

வீடு எங்கே, வேலை எங்கே?

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குவாங்சௌவின் ஜனத்தொகை 99 லட்சம். 2010இல் 127 லட்சம். 2020இல் 186 லட்சத்துக்கு மேல். இருபது ஆண்டுகளில் இன்னொரு மாநகரமே அந்நகரத்துக்குள் வந்து குடியேறிவிட்டது. வந்தவர்கள் யார்? ஹூனான், குவாங்ஸி, சிச்சுவான் போன்ற மாகாணங்களின் கிராமங்களிலிருந்து வயலை விட்டுப் புறப்பட்டவர்கள். தைப்பவர்கள், சுமப்பவர்கள், கட்டடம் கட்டுபவர்கள், கடைகளில் நிற்பவர்கள், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். 2020இல் நகரத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்களே.

ஜனங்கள் பெருகினார்கள், அதனால் நெரிசல் என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறிகளின் விளக்கம். பெருகிய ஜனங்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள்? இதைக் கேட்டால்தான் நெரிசலின் வேர் தெரியும்.

முன்பெல்லாம் சீனத்து நகரங்களில் ஒரு தொழிற்சாலை என்றால் அதனோடு தொழிலாளர் குடியிருப்பும் இருந்தது. ஒரே மதிலுக்குள் ஆலை, வீடு, சாப்பாட்டுக்கூடம், குழந்தைகள் பள்ளி. வீடு நெருக்கடியானது, வசதி குறைவு, பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கிட்டன. இதையெல்லாம் நாம் மறைக்கவில்லை. ஆனால் சங்கு ஊதினால் தொழிலாளி நடந்தே வேலைக்குப் போனார். 1998இல் சீன சர்க்கார் வேலைத்தலத்தின் மூலம் வீடு ஒதுக்கும் முறையை நிறுத்தியது. அதற்குப் பிறகு வீடு சந்தைச் சரக்காயிற்று. நிலம் பொதுவுடைமையாகவே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை உபயோகிக்கும் உரிமையை ஆண்டுக்கணக்குக்கு ஏலம் விட்டு வருமானம் பெறுவது நகர நிர்வாகங்களின் வழக்கமாயிற்று. ரயில் நிலையம் வருகிறது என்றாலே சுற்றிலும் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய இடத்தில் கூலிக்காரனுக்கு வீடு ஏது?

விளைவைப் பாருங்கள். நகரத்தின் நடுவே தியான்ஹே பகுதியில், முத்து நதிப் புதுநகரில், வானளாவிய மாளிகைகள் எழுந்தன. வங்கிகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் அங்கே. குடியிருப்புகளோ தெற்கே பான்யூவிலும் வடக்கே பையூன் பகுதியிலும். காலையில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே திசையில் வர வேண்டும். மாலையில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே திசையில் திரும்ப வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் 3ஆம் எண் பாதை.

நகரத்தின் நடுவிலும் ஏழைகளுக்கு இடம் இல்லாமல் இல்லை. நகரம் வளர்ந்து விழுங்கிய பழைய கிராமங்கள் ஆங்காங்கே தீவுகள் போல் நின்றன. தியான்ஹேயிலுள்ள ஷிபாய் கிராமம் அப்படிப்பட்டது. அங்கே எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே கை குலுக்கலாம். அந்தக் கட்டடங்களுக்குக் கைகுலுக்கும் கட்டடங்கள் என்றே பெயர். வெயிலும் காற்றும் நுழையாத அறைகள்தான். ஆனால் வாடகை குறைவு, வேலை பக்கத்தில். இத்தகைய கிராமங்களில் லியேதே 2007இல் இடிக்கப்பட்டது. சியான் கிராமத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இடிப்பு தொடங்கியபோது கிராமத்தவர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். இடித்த இடத்தில் நிலத்துக்கு உரியவர்களுக்காவது மாற்று வீடு உண்டு. வாடகைக்கு இருந்த தையல்காரனுக்கும் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கும் என்ன உண்டு? மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் தொலைவில் உள்ள ஒரு நிலையத்துக்குப் போவதுதான் உண்டு. இடித்துத் தள்ளிய ஒவ்வொரு மலிவான அறையும் மறுநாள் காலையில் 3ஆம் எண் பாதையில் இன்னொரு பிரயாணியாக வந்து நின்றது.

இலவச ரயிலின் ஒரு வாரம்

2010 நவம்பரில் நடந்த ஒரு சம்பவத்தை உழைப்பாளிகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசியப் போட்டிகளின்போது சாலைகளில் மோட்டார் வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் இலவசமாகப் போகலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. நவம்பர் 1ஆம் தேதி சலுகை தொடங்கியது. ஜனங்கள் அலைஅலையாக வந்தார்கள். சுரங்க ரயிலில் கூட்டம் வழக்கத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. ஒரு வாரம் தாங்கவில்லை. நவம்பர் 8 முதல் சலுகை ரத்து. அதற்குப் பதிலாக ரொக்கம் தருவதாகச் சொன்னார்கள்: நகரத்தில் பதிவுபெற்ற குடும்பத்துக்கு 150 யுவான், வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவருக்கு ஆளுக்கு 50 யுவான்.

வேடிக்கைக்காக ஏறியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்ப்பவர்களால் மட்டும் கூட்டம் இரு மடங்கு ஆகுமா? பிரயாணத்துக்கான தேவை எவ்வளவோ இருந்தும் சீட்டுக்காசு அதை அமுக்கி வைத்திருந்தது என்பதையும் அந்த ஒரு வாரம் அம்பலப்படுத்தியது. இன்னொன்றையும் அது காட்டியது. ஒரே பெட்டியில் தோளோடு தோள் நசுங்கி நின்றவர்களை, பணம் கொடுக்கும் இடத்தில் பதிவு உள்ளவர், பதிவு இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1958இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் கிராமத்தானுக்கும் நகரத்தானுக்கும் நடுவே போட்ட கோடு அது. பின்னர் பலமுறை தளர்த்தப்பட்டும், முற்றாக அழியாத கோடு. ரயில் நெரிசலில் மட்டும் அந்தக் கோடு கிடையாது. அங்கே எல்லோரும் சமம்!

யாருடைய நேரம்?

எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது. சிகாகோவில் 1886இல் சிந்திய ரத்தத்தை ஒவ்வொரு மே தினத்திலும் நினைவுகூர்கிறோம். சீனத்தின் 1994ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் நாளுக்கு 8 மணி, சராசரியாக வாரத்துக்கு 44 மணி என்றே வரம்பு கட்டியிருக்கிறது. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் என்று சில கம்பெனிகள் நடத்திய கொடுமை சட்டவிரோதம் என்று 2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியது. நல்லது. ஆனால் வேலைக்குப் போகிற நேரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வையுங்கள். வாரத்தில் 6 நாளைக்கு 12 மணி. ஆண்டில் 50 வாரத்துக்கு 600 மணி. எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் இது 75 நாட்கள். ஆண்டுக்கு 75 வேலைநாட்களைத் தொழிலாளி பெட்டிக்குள் நின்றபடியே கழிக்கிறார். இதற்குக் கூலி இல்லை. ஓய்வு என்றும் இதைச் சொல்ல முடியாது. இதற்காக அவரே சீட்டுக்காசும் கொடுக்கிறார். இந்த 75 நாட்கள் அவர் குழந்தையின் நேரம். அவர் படிக்க வேண்டிய நேரம். சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டிய நேரம். உறங்க வேண்டிய நேரம். ஆள் குறித்த வேளைக்கு வாசலில் வந்து நின்றால் போதும் என்று இருக்கும் முதலாளி, அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்பதில்லை.

ரயில் பாதை மேலும் வேண்டுமா? வேண்டும். 2021 செப்டம்பரில் பான்யூ வழியாக நகர மையத்துக்கு 18ஆம் எண் பாதை திறந்தார்கள்; 8 பெட்டிகள், 160 கிலோமீட்டர் வேகம். முன்பு செய்த பிழையிலிருந்து கற்றிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அதன் நடு நகர முனையம் அதே சியான் கிராமத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது! 2024 டிசம்பரில் 11ஆம் எண் வட்டப்பாதையும் வந்தது. இவற்றையெல்லாம் வரவேற்கிறோம். ஆனால் அதே 2024இல் 3ஆம் எண் பாதை பான்யூவில் கிழக்கே இன்னும் நீண்டது. பாதை நீண்டால் அதன் ஓரத்தில் குடியிருப்பும் நீளும். குடியிருப்பு நீண்டால் நெரிசலும் நீளும். வீட்டையும் வேலையையும் பிரித்து வைத்துவிட்டு நடுவே தண்டவாளம் போட்டுக்கொண்டே போனால், அந்தத் தண்டவாளத்துக்கு முடிவே இராது.

எனவே நம் அபிப்பிராயம் இதுதான். உழைப்பவனுக்கு வேலைத்தலத்தின் அருகே, கூலிக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடு வேண்டும். பழைய குடியிருப்பை இடிக்கும் முன்பே, அங்கே வாடகைக்கு இருப்பவனுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சட்டத்தில் உள்ள வேலைநேர வரம்பு ஆலை வாசலிலும் அலுவலக வாசலிலும் அமல் ஆக வேண்டும். வேலை தொடங்கும் நேரத்தை மாற்றி மாற்றி அமைத்துக் கூட்டத்தைப் பிரிக்கலாம். ஆனால் அதன் சுமை தொழிலாளியின் கூலியில் விழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதையை வரைகிறபோதே அதில் நசுங்கப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். மூன்று பெட்டி போதுமா என்று பான்யூவில் குடியிருந்த ஒரு தொழிலாளியைக் கேட்டிருந்தால், போதாது என்று அவர் அன்றே சொல்லியிருப்பார்.

சீனத்தின் பெயரைக் கேட்டதும் கேலி செய்யக் காத்திருக்கும் முதலாளித்துவ ஏடுகள் இந்த நெரிசலைக் காட்டிச் சிரிக்கலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் தொழிலாளி கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டா வேலைக்குப் போகிறார்? நம் கேள்வி அவர்களுக்காக எழுப்பப்பட்டதல்ல. குவாங்சௌவின் தொழிலாளி நம் சகோதரர். அவருடைய வர்க்கத்தின் பெயரால் ஆட்சி நடக்கிறது. அதனால்தான் அவருடைய காலை நேரத்துக்கும் கணக்குக் கேட்கிறோம். பாதை எத்தனை கிலோமீட்டர் என்பது ஒரு கணக்கு. இரவில் அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்பி, பிள்ளை உறங்குமுன் அதன் முகத்தைப் பார்த்தார் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கு சரியாகும் வரை முதல் கணக்கு முடிந்ததாகாது.