அடைமொழியும் ஆட்டக்காரரும்

ஒரு நாடு தன் மக்களுள் ஒருவரை எவ்வாறு புகழ்கின்றது என்பதைக் கொண்டே, அந்நாடு அவரை எவ்விடத்தில் வைத்திருக்கின்றது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். இகழ்ச்சியில் உள்ளக்கிடக்கை வெளிப்படும் என்பதை யாவரும் அறிவர். புகழ்ச்சியிலும் அது வெளிப்படும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். தென்னமெரிக்காவிலே, பிரேசிலுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் இடையில் அமைந்த உருகுவே என்னும் சிறு நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும். நான் பந்தை உதைத்துப் பழகியவனல்லன், சொல்லதிகாரம் கற்பிப்பவன். ஆதலின் களத்தில் நிகழ்ந்த ஆட்டத்தைப் பற்றியன்று, ஆடினோர்க்கு இடப்பட்ட பெயர்களைப் பற்றியே இங்குப் பேசப் புகுந்தேன்.

உருகுவேயின் மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 35 இலட்சமே. எனினும் 1924இலும் 1928இலும் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் வெற்றி பெற்று, 1930இல் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணத்தையும், 1950இல் நான்காவது உலகக் கிண்ணத்தையும் தனதாக்கிக்கொண்ட நாடு அது. அங்கே ஆபிரிக்க மரபினரும் வாழ்கின்றனர். மொன்ரிவிடியோத் துறைமுகத்தின் வழியாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். உள்நாட்டுப் போரினால் இரு அரசுகள் நிலவிய காலத்தில், 1842இல் ஓர் அரசும் 1846இல் மற்றை அரசும் அடிமைமுறையை ஒழித்தன. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஆபிரிக்க மரபினர் மக்களுள் ஏறத்தாழ 8 வீதத்தினர். சிறு நாட்டினுள்ளே சிறு தொகையினராகிய இவர்கள் அந்நாட்டின் உதைபந்தாட்டப் புகழுக்கு அளித்த பங்கு சிறிதன்று.

1916ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆர்ஜென்டினாவின் தலைநகரில் முதலாவது தென்னமெரிக்கச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் உருகுவே சிலி நாட்டை 4–0 என வென்றது. இசபெலினோ கிரதீன், ஹுவான் டெல்காடோ என்னும் இரு கறுப்பினத்தவர் உருகுவேயின் அணியில் ஆடினர். நான்கு கோல்களுள் இரண்டு கிரதீனுடையவை. உருகுவே ஆபிரிக்கர் இருவரைக் களமிறக்கியது என்று சிலி அணியினர் முறையிட்டனர் என உதைபந்தாட்ட வரலாறு எழுதினோர் கூறுவர். முறையீடு நிலைக்கவில்லை, முடிவும் மாறவில்லை. உருகுவே கிண்ணத்தை வென்றது. கிரதீனே அச்சுற்றுப்போட்டியில் மிகுதியான கோல்களைப் போட்டவர். அந்நாளிலே தென்னமெரிக்க நாடுகள் பலவும் தம் அணிகளில் வெண்ணிறத்தவரையே நிறுத்தியிருந்தன. அக்காலத்தில் உருகுவே கொண்ட துணிவு பாராட்டுதற்குரியது. இதனை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மை.

அக்கிரதீனைப் பற்றி ஒரு கவிதையும் உண்டு. பெருநாட்டிற் பிறந்து மொன்ரிவிடியோவில் வாழ்ந்து 1925இல் இளமையிலேயே மறைந்த ஹுவான் பர்ரா டெல் ரியேகோ என்னும் கவிஞர் அதனை இயற்றினார். கவிதையின் நயம் ஒருபுறம் இருக்க, அதன் தலைப்பே என் கருத்தைக் கவர்கின்றது. அத்தலைப்பிலே கிரதீன் என்னும் பெயர் உண்டு, உதைபந்தாட்டக்காரர் என்னும் தொழில் உண்டு, நிறம் இல்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பின்வந்தோர் இந்நெறியைப் பின்பற்றினாரில்லை.

எட்டாண்டுகள் கழித்து, 1924இல், உருகுவே அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றது. அவ்வணியின் நடுவரிசையில் வலப்புறம் ஆடியவர் ஹொசே லியாந்திரோ அந்திராதே. 1901இல் பிறந்த இவரது ஆட்டத்தைக் கண்டு பாரிஸ் நகரம் வியந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் இவருக்கு இட்ட பெயர் 'கறுப்பு அற்புதம்' என்பது. 1928 ஒலிம்பிக்கிலும் 1930 உலகக் கிண்ணத்திலும் வென்ற அணிகளில் இவர் இருந்தார். இத்துணைப் புகழ் பெற்றவர் 1957இல் மொன்ரிவிடியோவிலே வறுமையுற்று, நோயுற்று இறந்தார். அடைமொழி மட்டும் இன்றளவும் வாழ்கின்றது.

இங்கு நம் இலக்கணம் ஒரு வெளிச்சம் தருகின்றது. அடைமொழி இருவகைப்படும்: இனத்தைச் சுட்டுவது ஒன்று, சுட்டாதது மற்றொன்று. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். செஞ்ஞாயிறு என்றாலோ, வேறு நிற ஞாயிறு ஒன்று இன்மையின், அடை அழகுக்கே நின்றது. இனத்தைச் சுட்டாத பண்படையோடு பெயர் கூறுதல் உலக வழக்கன்று, செய்யுள் நெறியே என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். அஃதாவது, அன்றாட வழக்கில் ஓர் அடையை ஒருவன் சொல்லும்போது, அவன் அறிந்தோ அறியாமலோ வேறோர் இனத்தை விலக்கியே சொல்லுகின்றான்.

இவ்விதியைக் கொண்டு 'கறுப்பு அற்புதம்' என்னும் தொடரைப் பார்ப்போம். அதே அணியில் வெண்ணிற ஆட்டக்காரர் பலரும் வியக்கத்தக்க முறையில் ஆடினர். அவர்களுள் எவரையும் 'வெள்ளை அற்புதம்' என்று எவரும் அழைத்திலர். அற்புதம் என்றாலே வெண்ணிறம் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. கறுப்பு மாத்திரம் சொல்லவேண்டியதாயிற்று. ஆகவே அவ்வடை வெறும் அணியன்று. ஒருவரை வரிசையிலிருந்து பிரித்து நிறுத்திய கோடு என்க.

அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. 1950ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி, றியோ நகரின் மரக்கானா அரங்கிலே, ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் முன்னிலையில், உருகுவே பிரேசிலை எதிர்த்தாடியது. பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. முதற் கோலையும் அதுவே போட்டது. அவ்வேளை உருகுவேயின் அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆரவாரம் அடங்குமளவும் மத்தியஸ்தருடன் வாதாடினார். அதன்பின் உருகுவே இரு கோல்களைப் போட்டு 2–1 என வென்றது. வரேலா கலப்பு மரபினர். அவரை உருகுவே மக்கள் 'எல் நெக்ரோ ஹெபே' என்று போற்றினர். கறுப்புத் தலைவன் என்பது அதன் பொருள். அந்திராதேயின் மருமகனாகிய விக்டர் ரொட்ரிகஸ் அந்திராதேயும் அன்று களத்தில் நின்று வெற்றியிற் பங்குகொண்டார்.

அதே ஆட்டத்தில் தோற்ற பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பிரேசிலில் தோல்விக்குரிய பழி கோல்காப்பாளர் பார்போசா, பிகோடே, ஜுவெனால் என்னும் மூவர்மீதே பெரிதும் சுமத்தப்பட்டது. மூவரும் கறுப்பினத்தவர். அக்காலத்தில் தம் நாட்டுச் சட்டப்படி மிகக் கூடிய சிறைத்தண்டனை முப்பது ஆண்டுகளாகவே இருந்தது. தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாகப் பார்போசா 2000இல் இறக்குமுன் மனம்நொந்து கூறினார். ஒரே நாளில், ஒரே களத்தில், வென்ற நாட்டில் கறுப்பு புகழுக்கு அடையாயிற்று. தோற்ற நாட்டில் அதுவே பழிக்குக் காரணமாயிற்று. புகழ் வரும்போது ஒருவரது நிறத்தை முன்னே நிறுத்தும் வழக்கம், பழி வரும்போதும் அதனையே முன்னே நிறுத்தும். இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதே என் துணிபு.

இதற்கு மறுப்புரைப்பாருளர். அவர் கூற்றையும் கேட்போம். 2011இல் இங்கிலாந்திலே லிவர்பூல் கழகத்துக்கு ஆடிய உருகுவே வீரர் லூயிஸ் சுவாரஸ், எதிரணியின் பத்ரிஸ் எவ்ராவை அச்சொல்லால் விளித்தமைக்காக எட்டு ஆட்டங்கள் ஆடத் தடைவிதிக்கப்பட்டார். 40,000 பவுண் தண்டமும் இறுத்தார். தம் நாட்டில் அச்சொல் இயல்பான விளியே என்றும், தம் பாட்டனாரும் கறுப்பினத்தவரே என்றும் அவர் கூறினார். விசாரணைக்கு உதவிய மொழியறிஞர், நட்புரிமையிற் சொன்னால் அச்சொல் உருகுவேயில் குற்றமாகாது, பகைமையிற் சொன்னால் அங்கும் குற்றமே என்றனர். பின்னர் 2020இன் இறுதியில் எடின்சன் கவானி என்னும் மற்றோர் உருகுவே வீரர், தம்மைப் பாராட்டிய நண்பருக்கு அச்சொல்லின் செல்ல வடிவமாகிய 'நெக்ரித்தோ' என்பதைச் சேர்த்து நன்றி எழுதினார். மூன்று ஆட்டங்கள் தடை. 100,000 பவுண் தண்டம். இழிவுபடுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை விசாரித்தோரே ஏற்றுக்கொண்டனர். உருகுவேயின் தேசிய மொழிக்கழகம் இத்தீர்ப்பைக் கண்டித்து, ஸ்பானிய மொழியின் வழக்கை அறியாதார் செய்த தவறு என்று அறிக்கை வெளியிட்டது.

மொழியாசிரியன் என்ற முறையில் அக்கழகத்தின் கூற்றில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கின்றேன். நண்பர் இருவரிடையே வழங்கும் சொல்லைப் பிறநாட்டார் தம் அகராதி கொண்டு அளத்தல் முறையன்று. நம் ஊர்களிலும் 'கறுவல்' என்று செல்லமாக அழைக்கும் வழக்கு உண்டன்றோ? அழைப்பவரது அன்பு பொய்யன்று. ஆனால் அவ்வாறு அழைக்கப்பட்டு வளர்ந்த பிள்ளை அதனை எவ்வாறு கேட்டது என்று நாம் வினவியதுண்டா? சொல்லின் பொருளைச் சொல்லுவோன் உள்ளம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. கேட்போன் வாழ்வும் தீர்மானிக்கின்றது. மறுபாதியை நான் ஏற்காமைக்குக் காரணம் இதுவே.

அவ்வாழ்வு எத்தகையது? மொன்ரிவிடியோவில் 'மெடியோமுந்தோ' என்னும் பழைய கூட்டுக்குடியிருப்பு ஒன்று இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த அவ்விடம், கந்தொம்பே என்னும் முரசிசையின் உறைவிடங்களுள் ஒன்று. 1978இல் இராணுவ ஆட்சி அக்குடும்பங்களை வெளியேற்றிக் கட்டடத்தை இடித்தது. திசம்பர் 3ஆந் திகதி அம்முற்றத்தில் முரசுகள் இறுதி முறையாக முழங்கின. 2006இல் அந்நாளே சட்டத்தினால் கந்தொம்பேயினதும் இனச்சமத்துவத்தினதும் தேசிய நாளாக்கப்பட்டது. 2009இல் யுனெஸ்கோ அவ்விசையை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 2013இல் அரசாங்க வேலை வெற்றிடங்களில் 8 வீதத்தை ஆபிரிக்க மரபினர்க்கு ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அன்பான விளி ஒன்றே போதுமாயின், இச்சட்டத்துக்குத் தேவை ஏது? செல்லப்பெயர் வாயில் வழங்கிய காலமெல்லாம் வேலையிலும் வீட்டிலும் உரிய இடம் வழங்கப்படவில்லை என்பதற்கு அந்நாட்டுச் சட்டமே சான்று கூறுகின்றது.

அங்ஙனமாயின் நிறத்தையே பேசாது விடுவதோ எனில், அதுவும் தவறு. நிறத்தைச் சொல்லாமல் 1916ஆம் ஆண்டின் முறையீட்டை விளக்க முடியாது. பார்போசாவின் துயரையும் விளக்க முடியாது. நிறத்தைக் கணக்கெடாவிடின் ஒதுக்கீட்டுச் சட்டமும் இல்லை. ஆகவே வினா, சொல் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அதனைச் சொல்லும் உரிமை யாரிடம் உள்ளது, எதற்காகச் சொல்லப்படுகின்றது என்பதே.

இதற்கு வரேலாவே விடை தந்திருக்கின்றார். 1948இல் உருகுவே ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னணியில் நின்றவர் அவர். 1950களில் அவரது பெனரோல் கழகம் ஆட்டச் சட்டையில் வணிக விளம்பரம் பொறிக்க முற்பட்டது. ஏனைய பதின்மரும் அணிந்தனர்; அவர் மறுத்தார். கறுப்பர்களை மூக்கில் வளையமிட்டு இழுத்துச் சென்ற காலம் கடந்துவிட்டது என்னும் கருத்துப்பட அவர் உரைத்ததாக உருகுவே எழுத்தாளர் எடுவார்டோ கலியானோ பதிவுசெய்துள்ளார். பிறர் பாராட்டாகச் சூட்டிய அச்சொல்லை அவர் தம் வாயாற் சொன்னபோது, அது முன்னோர் பட்ட துன்பத்தின் நினைவாகவும் தன்மானத்தின் குரலாகவும் மாறிற்று. அடைமொழிக்கு உரியவரே அதற்குப் பொருள் வகுத்த தருணம் அது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனாற் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. விளையாட்டு வீரரைப் பற்றியாயினும் புலவரைப் பற்றியாயினும் கட்டுரை வரையுங்கால், முதலில் அவர் பெயரை எழுதுவோமாக. அடுத்து அவர் தொழிலையும், அதில் அவர் செய்த செயலையும் எழுதுவோமாக. வரலாறு வேண்டும் இடத்தில் நிறத்தையோ குலத்தையோ மறைக்காமல் எழுதுவோமாக. வேண்டாத இடத்தில் அதனை அணியென்று சூட்டாதிருப்போமாக. கிரதீனைப் பாடிய கவிஞர் தம் தலைப்பிற் செய்தது இதுதான். அந்திராதேயை அற்புதம் என்றழைத்தவர்கள், அவர் நோயுற்றுக் கிடந்த நாளில் என்ன செய்தார்கள் என்ற வினாவையும் அக்கட்டுரையில் எழுப்பத் தவறுதல் ஆகாது. புகழ்மொழி சூட்டுவதால் மாத்திரம் ஒரு நாடு தன் கடனைத் தீர்த்துவிட முடியாது.