பால் வற்றிய எருமைக்கும் தீவனக் கணக்கு உண்டு

அரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜீந்த் பகுதிகள் முர்ரா எருமையின் தாயகம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 10.98 கோடி எருமைகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி சிறு, குறு விவசாயக் குடும்பங்களின் தொழுவங்களில் நிற்பவை. இக்குடும்பங்களுக்குக் கடன் வழங்கும் வங்கிகளாகிய நாம், கறக்கும் எருமையைக் கணக்கில் கொள்ளும் அளவுக்குச் சினை எருமையைக் கணக்கில் கொள்வதில்லை என்பது என் கருத்து.

எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். பசுவைக் காட்டிலும் ஒரு மாதம் மிகுதி. கருவின் வளர்ச்சியில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில் நிகழ்கிறது. மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் ஈற்றுக்கு முந்தைய இரண்டு மாத ஓய்வில்தான். ஆனால் அம்மாதங்களில் பால் இல்லை. பால் இல்லாததால் வருவாயும் இல்லை. ஆகவே பிண்ணாக்கும் தவிடும் கறக்கும் எருமைக்குச் சென்றுவிட, சினை எருமைக்குக் கோதுமை வைக்கோலே மிஞ்சுகிறது. வணிகவியல் பயின்றவன் கண்ணுக்கு இது, சரக்கு முடிவுறும் தறுவாயில் மூலப்பொருளை நிறுத்திவிடும் ஆலையைப் போலத் தோன்றுகிறது.

பருவமும் துணைநிற்பதில்லை. வட இந்தியாவில் எருமைகள் பெரும்பாலும் ஜூலைக்குப் பின்னரே கன்று ஈனுகின்றன. ஆகவே பல எருமைகளுக்குச் சினையின் கடைசி மாதங்கள் கோடை வெயிலில் வந்து அமைகின்றன. குளிர்காலப் பசுந்தீவனமான பெர்சீம் அப்போது முடிந்திருக்கும். கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமை வெப்பத்தைத் தாங்காது; தீவனம் எடுப்பதும் குறையும். நிழலும், குளிக்கக் குளமோ தொட்டியோ, வேண்டிய மட்டும் குடிநீரும் இக்காலத்தில் தீவனத்துக்கு நிகரானவை.

இங்கேதான் நம் கடன் திட்டங்களின் கணக்குப் பிசகுகிறது. இரண்டு கறவைகளுக்குக் கடன் கொடுக்கையில், ஐந்தாறு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்கச் சொல்வது வழக்கம். ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும் என்பது எண்ணம். பசுவுக்கு அது பொருந்தும். பருவம் பார்த்துச் சினை பிடிக்கும் எருமைகளோ ஓரிரு ஈற்றுக்குள் ஒரே காலத்தில் வற்றத் தொடங்கிவிடலாம். தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். அதைக் கட்டுவதற்காகத் தீவனத்தைக் குறைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். கடைசி மூன்று மாதம் நாளொன்றுக்கு 2 கிலோ அடர்தீவனம் கூடுதலாகக் கொடுத்தால் 180 கிலோ ஆகும். கிலோ 28 ரூபாய் என்று கொண்டால் செலவு 5,040 ரூபாய். தாது உப்புக் கலவைக்குச் சிறு தொகை சேரும். அடுத்த ஈற்றில் நாளுக்கு ஒரு லிட்டர் கூடினால்கூட, 250 நாளில் லிட்டர் 55 ரூபாய் வீதம் 13,750 ரூபாய் வருகிறது. கன்று பிழைத்தெழுவதும், எருமை காலத்தே மறுசினை பிடிப்பதும் இக்கணக்கில் சேராதவை. காப்பீடு எருமை இறந்தால் தொகை தரும். பால் குறைந்தால் தராது.

மருத்துவர் சொல்லும் சிலவற்றையும் மறத்தலாகாது. சினை எருமையின் பின்புறம் தாழ்ந்திருக்கும்படி கட்டினால் கருப்பாதை வெளித்தள்ளும் ஆபத்து மிகும். எருமைகளுக்குக் கருப்பை முறுக்கமும் அரிதன்று. ஈற்று வலி கண்டும் கன்று வெளிவராவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஈற்றுக்கு முந்தைய வாரங்களில் தம் விருப்பப்படி சுண்ணாம்புச் சத்து மருந்துகளை ஊட்டுவதும் தவறு. அது பால் காய்ச்சலுக்கு வழிவகுக்கலாம்.

2018-19 நிதிநிலை அறிக்கை முதல் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. தீவனச் செலவுக்கு அதிலிருந்து பணம் எடுக்கலாம். பலர் அத்தொகையை எருமை கறக்கும் காலத்திலேயே எடுத்து முடித்துவிடுகின்றனர். வற்றிய காலத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்குவதே பொருந்தும். வங்கிகளும் வற்றிய மாதங்களில் தவணையைக் குறைத்து, கறவை மாதங்களில் கூட்டி வாங்க முன்வர வேண்டும். ஆலைக்கும் கடைக்கும் பருவம் பார்த்துத் தவணை வகுக்கும் நமக்கு இது இயலாத காரியமன்று.

கறவைக் கடன் பேச வங்கிக் கிளைக்கு வருவோர், எருமைக்குச் சினையூசி போட்ட நாளைக் குறித்து வாருங்கள். அதனுடன் 310 நாளைக் கூட்டினால் ஈற்று நாள். அதிலிருந்து 60 நாளைக் கழித்தால் கறவையை நிறுத்த வேண்டிய நாள். தவணைப் பேச்சை அந்த இரண்டு தேதிகளிலிருந்து தொடங்கலாம்.