மலையூரில் இரண்டு இரவாவது தங்குங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னை உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "சார், அப்பா அம்மாவை இத்தாலிக்கு அனுப்பலாம்னு இருக்கேன். எட்டு நாள்ல ஆறு ஊர் காட்டறாங்களாம். கூடவே நம்ம ஊர் சமையல்காரரும் வர்றாராம். அனுப்பலாமா?"

தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள். ஆனால் ஆறு ஊரில் மூன்றை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் நாட்களை ஒரே ஒரு மலையூருக்குக் கொடுங்கள். அங்கே இரண்டு இரவாவது தங்கட்டும். அந்த ஊர் அடுப்பில் வெந்ததைச் சாப்பிடட்டும். அரை நாளில் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் மலையூருக்குப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். நானும் என் மனைவியும் மூன்று இரவு தங்கிய ஓர்வியேட்டோவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகும் வழியில், உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கிறது இந்த ஊர். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, சுற்றிலும் செங்குத்து, உச்சியில் தட்டையாக ஊர். ரயில் நிலையம் அடிவாரத்தில். எதிரிலேயே பழநி விஞ்ச் மாதிரி ஒரு இழுவை ரயில் நிற்கிறது. 1888இல் அதை ஓட்டத் தொடங்கியபோது தண்ணீரின் எடையை வைத்தே ஏற்றி இறக்கினார்கள். 1990இல் புதுப்பித்த பிறகு மின்சாரத்தில் ஓடுகிறது. ஆக, முட்டி வலி என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

இனி கொஞ்சம் சரித்திரம். 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது, போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து புகுந்தது இந்த ஊரில்தான். மதில் தேவையில்லாத ஊர், பாறையே கோட்டை. ஆனால் முற்றுகை வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது? உடனே ஒரு கிணறு வெட்டச் சொன்னார். பத்து வருடம் பிடித்தது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே ஒன்றையொன்று தொடாமல் சுற்றிக்கொண்டு இறங்கும் இரண்டு படிவரிசைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் எடுக்க இறங்கும் கழுதையும், சுமந்துகொண்டு ஏறும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

இந்தக் கிணற்றை எல்லாச் சுற்றுலாக்காரர்களும் காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த பாடத்தைக் காட்டுவதில்லை. மலைமேல் இருப்பவனுக்குத் தண்ணீர்க் கவலை இருந்தால் சோற்றுக் கவலையும் இருக்கும் அல்லவா? அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் அந்த ஊர்ச் சமையல். ஊருக்கு அடியில் பாறையைக் குடைந்த குகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பலவற்றின் சுவரில் சின்னச் சின்னச் சதுரப் பொந்துகள். புறா வளர்த்த மாடங்கள் அவை. புறாக்கறி இன்றைக்கும் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. உம்ப்ரிகெல்லி என்று கையால் உருட்டிய தடித்த பாஸ்தா ஒன்று உண்டு. முட்டை வாங்க வசதியில்லாத வீட்டுப் பண்டம், பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். ரொட்டியில் உப்பே கிடையாது. போப் உப்புக்கு வரி போட்டதால் கோபித்துக்கொண்டு உப்பில்லாமல் சுட ஆரம்பித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1540இல் பக்கத்துப் பெருஜியா நகரம் உப்பு வரிக்காகப் போப்பை எதிர்த்துப் போரிட்டது உண்மை. ரொட்டிக் கதைக்குச் சான்று போதாது என்பவர்களும் உண்டு. எப்படியோ, முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். உப்புக் கரிக்கும் பெக்கொரினோ பாலாடைக்கட்டியை அதனுடன் சேர்த்துக் கடித்தால் காரணம் நாக்குக்கே புரிந்துவிடும்.

இப்போது சொல்லுங்கள். இத்தனையும் இருக்கும் ஊருக்குப் போய், பஸ்ஸில் வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால் எதைப் பார்த்ததாகக் கணக்கு? பாடப்புத்தகத்தின் அட்டையைத் தடவிவிட்டுப் பரீட்சைக்குப் போவது மாதிரி.

"சார், நாங்க சைவம்" என்பீர்கள். நியாயமான கவலை. நாங்களும் சைவம்தான். மூன்று நாளும் பசியோடு படுக்கவில்லை. உம்ப்ரியாவின் மலைப்பகுதியில் விளையும் சிறிய பருப்பு, கொண்டைக்கடலை சூப், காளான், தக்காளியும் மிளகாயும் போட்ட உம்ப்ரிகெல்லி எல்லாம் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. "சென்ஸா கார்னே" என்றால் கறி இல்லாமல், "சென்ஸா பெஷே" என்றால் மீன் இல்லாமல், "சென்ஸா உவோவா" என்றால் முட்டை இல்லாமல். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கறாரான சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பார்மஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்றும் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர் ஓட்டல் மாதிரி நினைத்த நேரத்தில் சாப்பாடு கிடைக்காது. மதியம் இரண்டரைக்குள் அடுப்பை அணைத்தால் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது. பில்லில் "கொப்பெர்தோ" என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருந்தால் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். இருக்கைக்கும் ரொட்டிக்கும் சேர்த்து வாங்கும் வழக்கமான கட்டணம் அது.

அடுத்து, ஏன் இரவு தங்க வேண்டும்? காலை பதினொரு மணிக்கு பஸ் கூட்டம் வருகிறது. தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுக்கிறது, ஒரு காந்தப் பொம்மை வாங்குகிறது, கழிப்பறையைத் தேடுகிறது, நான்கு மணிக்குப் போய்விடுகிறது. 1290இல் கட்டத் தொடங்கிய அந்தத் தேவாலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. அதில் பதித்த பொன்நிறச் சில்லுகள் மாலை வெயிலில்தான் தகதகக்கும். நான்கு மணிக்குக் கிளம்பியவர்களுக்கு அது கிடையாது. அதன்பிறகு ஊர்க்காரர்கள் நடை போட வருகிறார்கள். தாத்தாக்கள் கல் திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள், பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அப்போதுதான் அது ஊர். அதுவரை அது கண்காட்சி.

இந்த வித்தியாசம் விளையாட்டல்ல. ஓர்வியேட்டோவிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் சிவிதா தி பாஞ்ஞோரேஜோ என்று ஒரு மலையூர் இருக்கிறது. அடியில் களிமண் கரைந்துகொண்டே போவதால் "செத்துக்கொண்டிருக்கும் ஊர்" என்றே பெயர் வாங்கிவிட்டது. ஒரே ஒரு நடைபாலம்தான் வழி. 2013 முதல் உள்ளே போக நுழைவுச்சீட்டு. அந்தப் பணம் ஊரைப் பராமரிக்க உதவுகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. பார்க்க வருகிறவர்கள் லட்சக்கணக்கில். சீட்டு வாங்கி நுழைகிற இடத்தை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓர்வியேட்டோ அப்படி ஆகக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களே விழித்துக்கொண்டார்கள். 1999இல் இன்னும் மூன்று ஊர்களோடு சேர்ந்து "சித்தாஸ்லோ" என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிதானமான ஊர் என்று பொருள். ஐம்பதாயிரம் பேருக்குக் குறைவான ஊர்கள்தான் சேரலாம். அதன் தலைமையகமும் அங்கேதான். ஆனால் ஊர்க்காரன் நிதானமாக இருந்து, வருகிறவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

தங்குவதிலும் ஒரு பேதம் பாருங்கள் என்பேன். இணையத்தில் பதிவு செய்து, கதவோரப் பெட்டியில் எண்ணைத் தட்டிச் சாவி எடுத்து, மனித முகமே பார்க்காமல் தங்கிவிட்டு வரும் வீடுகள் இப்போது எங்கும் பெருகிவிட்டன. குடியிருக்க வேண்டிய வீடெல்லாம் இப்படி வாடகை அறையானால், அந்தத் தெருவில் ரொட்டிக் கடை யாருக்காகத் திறக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அதனால் குடும்பம் நடத்தும் சின்ன விடுதி, ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை, கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லம், இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். மடத்து அறைகள் சிக்கனம், சுத்தம். ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கலாம், அதனால் நம் வயதுக்காரர்களுக்கு நஷ்டமில்லை. மருந்து, பத்தியம் என்று சமைத்தே ஆக வேண்டியவர்கள் தனி வீடு எடுங்கள், தப்பில்லை. வியாழனும் சனியும் பொப்போலோ சதுக்கத்தில் கூடும் சந்தையில் காய்கறி வாங்குங்கள். அந்த ஊர்க் கையில் நாலு காசு சேரட்டும்.

செலவு கூடுமே என்றால், எட்டு நாளில் ஆறு ஊருக்குப் பெட்டி தூக்குகிற போக்குவரத்துச் செலவையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் அந்தக் கூட்டல் எனக்குத் தெரியும்.

பெற்றோரை வாழ்நாளில் ஒருமுறை அனுப்பப் போகிறீர்கள். திரும்பி வந்ததும் "அது எந்த ஊர், பேர் மறந்துபோச்சு" என்று போனில் படத்தைத் தள்ளிக்கொண்டே போகப் போகிறார்களா, அல்லது உப்பில்லாத ரொட்டியைப் பற்றிப் பேரப்பிள்ளைக்கு ஒரு கதை சொல்லப் போகிறார்களா? முடிவு உங்களுடையது.

போய்வந்தவர்கள் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதலாம். இப்போது நான் பிரம்பு வைத்திருக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்