பந்தோபஸ்துக்குப் போன போலீசார். ஊருக்குக் காவல் யார்?

திருப்புல்லாணி,

செப்டம்பர் பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்துப் போலீஸ்காரர் வீட்டில் காலண்டரே வேறு மாதிரி ஆகிவிடும். லீவு கிடையாது. மச்சான் கல்யாணம், பிள்ளை காது குத்து எதற்கும் போக முடியாது. 11-ந் தேதி பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 28, 29, 30 தேதிகளில் பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, குருபூஜை. இந்த 2 மாதமும் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது பல ஆண்டுகளாக வழக்கமாகி இருக்கிறது. (பழைய 144-வது பிரிவுதான். 2024 ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் வந்த பிறகு அது 163-வது பிரிவு. நம்பர் மாறியது, டூட்டி மாறவில்லை.)

வெளி மாவட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கில் போலீசார் வந்து இறங்குகிறார்கள். அது போதாது என்று உள்ளூர் ஸ்டேஷன்களில் இருந்தும் ஆட்களை எடுத்து அனுப்புகிறார்கள்.

பந்தோபஸ்து போட வேண்டியதுதான். 2011 செப்டம்பர் 11-ந் தேதி பரமக்குடியில் துப்பாக்கி சூடு நடந்து உயிர்கள் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த நாட்களில் ஆளைக் குறையுங்கள் என்று எந்த எஸ்.பி.யிடமும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த 3 நாளும் திருப்புல்லாணியில் திருடன் லீவு போடுவானா? கிழக்குக் கடற்கரை சாலையில் லாரி மோதாமல் இருக்குமா?

பாரா ஏட்டு

கிராமத்து ஸ்டேஷனில் சாதாரண நாளிலேயே எத்தனை பேர் கையில் இருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணலாம். ஒருவர் பாரா. ஒருவர் ரைட்டர், எப்.ஐ.ஆர். எழுதுவதும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர்தான். ஒருவர் கோர்ட்டு டூட்டி. ஒருவர் சம்மன் கொடுக்கப் போய் இருப்பார். இன்னொருவர் கைதியோடு எஸ்கார்ட்.

2021-ம் ஆண்டு தமிழக அரசு போலீசாருக்கு வார விடுமுறை கொடுத்தது. நியாயமான காரியம். ராப்பகலாக காக்கி போட்டு நிற்பவர், வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளை முகம் பார்க்க வேண்டாமா? ஆனால் அந்த ஒரு நாளை ஈடுகட்ட கூடுதல் ஆள் வந்தால்தான் அது லீவு. வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தலையில் ஏறுகிற டூட்டி.

புதிய சட்டப்படி ஒரு வீட்டைச் சோதனை போட்டால் அதை வீடியோ எடுக்க வேண்டும். பீரோவைத் திறக்க ஒருவர், செல்போனைப் பிடிக்க ஒருவர். ஒற்றை ஆளாகப் போய்விட்டு வருகிற காலம் போயாச்சு.

இந்த லட்சணத்தில் பந்தோபஸ்துக்கும் ஆள் போனால் மிச்சம் இருப்பது பாரா ஏட்டும் ஒயர்லெஸ் பெட்டியும்தான். ராத்திரி 2 மணிக்கு ஒரு பெண் ஓடி வந்து அழுதால், "இரும்மா, ஐயா வரட்டும்" என்றுதான் அவர் சொல்ல முடியும். ஸ்டேஷனை விட்டு ஓடினால் மெமோ. ஓடாவிட்டால் ஊரார் ஏச்சு.

போலீசுக்கு 100, தீ பிடித்தால் 101, ஆம்புலன்சுக்கு 108, கடலில் ஆபத்து என்றால் 1093, எல்லாவற்றுக்கும் சேர்த்து 112. நம்பருக்குப் பஞ்சமே இல்லை.

ஏர்வாடி

கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், மனநோயாளிகள் தங்கி இருந்த கீற்றுக் கொட்டகையில் தீ பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அந்தச் சங்கிலி அன்று காலையில் மாட்டியது அல்ல. ஊர் பார்த்துப் பழகிப்போன காட்சி. தீ பிடித்த பிறகு வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்தது என்பதை விட, பிடிப்பதற்கு முன்னால் யார் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. போலீசார் மட்டும் பொறுப்பு அல்ல. வருவாய்த் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் தெருத் தெருவாக நடக்கிற வேலை போலீஸ்காரருக்குத்தான் கொடுத்து இருக்கிறது. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தக் கொட்டகையில் யாரை அடைத்து வைத்து இருக்கிறார்கள் என்று தெரிந்து வைப்பதற்குப் பெயர்தான் பீட். ஆள் இல்லாத ஸ்டேஷனில் முதலில் செத்துப் போவது பீட் நோட்டு.

முகம் தெரிந்தவர்

அதிகாரிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. கூட்டத்தில் யார் யார் என்று உள்ளூர் போலீசாருக்குத்தான் முகம் தெரியும், அதனால்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே காரணம் இந்தப் பக்கமும் செல்லும். வெளியூர் ஆயுதப்படைக்காரர் பசும்பொன்னில் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். திருப்புல்லாணியில் நள்ளிரவில் எந்தச் சந்து, யார் வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கிருந்து சுமார் 4 கிலோ மீட்டரில் உள்ள சேதுக்கரையிலும் இதே கதைதான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே கடலில் நீராட, திதி கொடுக்கக் கூட்டம் நெரிகிறது. வண்டிகளை ஒதுக்க யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் குதித்துத் தூக்கக் கூடியவர் அந்தக் கடலோடு பழகிய மீனவ வாலிபர்தான். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படைக்குச் சேர்த்தது நல்ல யோசனை. அவர்களில் சிலரை கயிறு, மிதவையோடு அந்த நாட்களில் சேதுக்கரையில் நிறுத்தி, படியையும் சரியாகக் கொடுத்தால் போதும்.

2006 செப்டம்பர் 22-ந் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. குற்றத்தை விசாரிக்கும் போலீஸ் வேறு, சட்டம்-ஒழுங்கு பார்க்கும் போலீஸ் வேறு என்று பிரிக்கச் சொன்னது. 10 லட்சம் ஜனத்தொகை உள்ள நகரங்களில் முதலில் ஆரம்பிக்கச் சொன்னது. திருப்புல்லாணிக்கு அந்த முறை வருவதற்குள் பேரன் காலம் வந்துவிடும்.

அதுவரைக்கும் பெரிய சட்டம் வேண்டாம். ஒரு பேப்பர் போதும். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ரைட்டர், பாரா, ஜீப்புக்கு இரண்டு பேர். இந்த 5 பேரை எந்த பந்தோபஸ்துக்கும் எடுக்கக் கூடாது என்று எழுதி ஸ்டேஷன் சுவரில் ஒட்டினால், ஊர்க்காரரும் படித்துக்கொள்வார்.

ஆடி அமாவாசை முடிந்த சில வாரத்திலேயே செப்டம்பர் பந்தோபஸ்துக்குப் பெயர் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் திருப்புல்லாணிக்காரர் எத்தனை பேர் என்று இந்தத் தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.