மாய மருந்து குடிக்க எத்தனை வினாடி? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதி மாற்றமும் ரசிகர்களின் கோபமும்!

பணம் கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இருக்கும் விதியை, வாங்கியவரைக் கேட்காமலேயே நிறுவனம் மாற்றலாமா? 2024 ஆகஸ்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ரசிகர்கள் எழுப்பிய கேள்வி இதுதான்.

என்ன விளையாட்டு இது?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக விளையாடுவார்கள். கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர். மாய வாள், மோதிரம், மருந்து எல்லாம் உண்டு. எதை எப்போது பயன்படுத்தலாம் என்பதில்தான் அடிக்கடி சண்டை வரும்.

அப்படி என்ன மாறுச்சு?

2014 விதிப்படி, சண்டையில் ஒருவர் தன் முறையில் மாய மருந்து குடித்தால் அவருடைய முக்கியச் செயலான 'ஆக்‌ஷன்' அதோடு காலி. பெரும்பாலும் அந்த முறை வாளை வீச முடியாது. உயிரைக் காப்பாற்றுவதா, எதிரியை அடிப்பதா என்ற இக்கட்டு. இது ரொம்ப கடுமை என்று பல குழுக்கள் தாங்களாகவே விதியைத் தளர்த்தி ஆடி வந்தன.

2024 விதியில் அதுவே அதிகாரபூர்வமானது. மருந்து குடிப்பது இப்போது 'போனஸ் ஆக்‌ஷன்', அதாவது கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல். மருந்தும் குடிக்கலாம், வாளும் வீசலாம். 5 அடிக்குள் இருக்கும் நண்பருக்கும் ஊட்டலாம்.

திருடன் கதாபாத்திரத்துக்கும் லாபம். பொருட்களைச் சட்டென்று பயன்படுத்தும் அவனுடைய திறமை மாயப் பொருட்களுக்குச் செல்லாது என்றது பழைய விதி. புதிய விதியில் செல்லும்.

மாறாதது எது?

* சக்திவாய்ந்த பல பொருட்களுக்கு 'அட்யூன்மென்ட்' தேவை. ஒரு மணி நேர ஓய்வில் பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும்.
* ஒருவருக்கு ஒரே நேரத்தில் 3 பொருட்களோடு மட்டுமே இந்தப் பிணைப்பு. நான்காவது வேண்டுமா? ஒன்றை விட்டாகணும்.
* 500 பவுண்டு வரை கொள்ளும் மாயப் பைக்குள் இன்னொரு மாயப் பையை வைத்தால் இரண்டுமே அழியும். வேறொரு உலகத்துக்கு வாசல் திறந்து, அருகில் இருப்பவர்களையும் இழுத்துக்கொள்ளும்.

சர்ச்சை வெடித்தது ஏன்?

ஹாஸ்ப்ரோவின் துணை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்தான் இந்த விளையாட்டை வெளியிடுகிறது. அதன் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் பலரும் புத்தகங்களை டிஜிட்டலாக வாங்கி, கதாபாத்திர அட்டைகளை வைத்திருக்கிறார்கள்.

புதிய புத்தகம் வருவதற்கு முன் தளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அட்டைகளில் உள்ள மந்திரங்களும் மாயப் பொருட்களும் 2024 வடிவத்துக்கு மாற்றப்படும், பழையது வேண்டுமென்றால் அவரவரே கையால் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே சாரம்.

பாதிக் கதையில் இருந்த குழுக்கள் கொதித்துவிட்டன. ஆட்டத்தின் நடுவே விதி மாறினால், ஒரே மேஜையில் ஆளுக்கொரு விதி ஆகிவிடும் அல்லவா? பலர் சந்தாவை ரத்து செய்வதாக அறிவித்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. வாங்கியவர்கள் 2014 விதிகளையும் அட்டையில் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றது.

இப்போ எந்த விதி?

இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. எதைப் பின்பற்றுவது என்று முதல் நாளே குழு பேசி முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். இடையில் சந்தேகம் வந்தால் டன்ஜன் மாஸ்டர் சொல்வதே இறுதி.

அச்சுப் புத்தகத்தை யாரும் வீடு தேடி வந்து திருத்த முடியாது. டிஜிட்டல் புத்தகத்தைத் திருத்த முடியும். இந்த முறை ரசிகர்களின் எதிர்ப்பு அதைத் தடுத்தது.