பத்திரத்தில் இல்லாத பேர்

போகி நெருங்கினாலே பழைய பாத்திரம் வாங்குற வண்டி எங்க தெருவுக்கு அடிக்கடி வரும். எங்க கருவடிக்குப்பத்தை, பாரதியாரோட குயில் தோப்பு இருக்கிற ஊர்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இப்போ வயலைவிட வீட்டு மனைதான் இங்க அதிகம். பழைய வீட்டை இடிச்சு மாடி கட்டும்போது பரண்ல கிடந்த பித்தளையும் செம்பும்தான் முதல்ல வெளியே போகுது. அதைப் பத்தி நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். எடைக்குப் போடறதுக்கு முன்னாடி, அதுல வெட்டியிருக்கிற பேரைப் படிச்சுப் பாருங்க.

பேர் வெட்டுறதுன்னா இப்போ சின்னவங்களுக்குப் புரியாம இருக்கலாம். பாத்திரக் கடையில ஒருத்தர் சின்ன உளியும் சுத்தியும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா, புள்ளி புள்ளியா தட்டி எழுத்தாக்கிடுவார். பொண்ணு பேரு, கொடுத்தவங்க பேரு, கல்யாணத் தேதி எல்லாம் அதுல இருக்கும். அப்புறம் அதுக்கும் மெஷின் வந்துடுச்சு.

எங்க அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா சீராக் கொடுத்த பித்தளை அண்டா எங்க வீட்டுல இருக்கு. விளிம்புக்குக் கீழே அம்மா பேரும் 1964ன்னு வருஷமும் வெட்டியிருக்கும். அதுலதான் அம்மா நெல் அவிப்பாங்க. அவங்க பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனா தன் பேர் எங்க இருக்குன்னு விரலால தடவிக் காட்டுவாங்க.

தாத்தாவுக்கு நிலம் இருந்துச்சு. அது மாமாங்க ரெண்டு பேருக்கும் போச்சு. "பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" அப்படின்னு சொல்லி முடிச்சுட்டாங்க. பத்திரத்துலயும் அம்மா பேர் இல்லை, பட்டாவுலயும் இல்லை. ரேஷன் கார்டுல இருந்துச்சு, ஓட்டர் லிஸ்ட்ல இருந்துச்சு. சொத்துன்னு பார்த்தா, அம்மா பேர் இருந்தது பாத்திரத்துல மட்டும்தான். நிறைய கிராமத்து வீட்டுல இதே கதைதான். அதனால ஒரு கிழவி ஓட்டை அண்டாவை விடமாட்டேன்னு அடம்பிடிச்சா சிரிக்காதீங்க. அவங்க அப்பா வீட்டுல இருந்து அவங்களுக்கு வந்த பங்கு அவ்வளவுதான்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல, ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள் கொடுத்ததுன்னு நகை, பாத்திரம் எல்லாம் எடையோட எழுதி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷம் ஆச்சு. அந்தப் பொன் பாத்திரங்களை இப்போ நாம பார்க்க முடியாது. ஆனா குந்தவை பேர் கல்லுல நிக்குது. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கல்வெட்டு கிடையாது. பாத்திரத்தை உருக்கினா பேரும் சேர்ந்து போயிடும்.

ரெண்டு ரூம் ஃப்ளாட்டுல அண்டாவை எங்க வைக்கிறதுன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எல்லாத்தையும் வச்சுக்கச் சொல்லலை. அகமதாபாத்ல விஷாலாங்கிற இடத்துல பாத்திரத்துக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. வீட்டை அப்படி ஆக்கவும் வேண்டாம். பேர் இருக்கிற ஒரு சொம்போ குடமோ எடுத்து வச்சுக்கிட்டுப் புழங்குங்க. பித்தளைக்குள்ள ஈயம் பூசாம புளி சேர்ந்த குழம்பு வைக்காதீங்க, களிம்பு ஏறிடும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பை வெறுமனே அடுப்புல வைக்காதீங்க. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டுலயே உருகிடும். மத்ததைப் போட்டே ஆகணும்னா, பேரை ஒரு போட்டோ எடுத்துட்டு, அது யாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டுப் போடுங்க. அதுக்கு முன்னாடி, அந்தப் பேருக்குரியவங்களோட பொண்ணு, பேத்திகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பூர்வீகச் சொத்துல மகனுக்கு இருக்கிற அதே உரிமை மகளுக்கும் உண்டுன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005ல திருத்தியாச்சு. அந்த உரிமை பிறப்பாலேயே வருது, 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு உச்ச நீதிமன்றமும் 2020ல சொல்லிடுச்சு. இன்னமும் "சீர் செஞ்சாச்சே"ன்னு சொல்லித்தான் பொண்ணுங்ககிட்ட கையெழுத்து வாங்குறாங்க. சீர் பாசத்துல கொடுக்கிறது. பங்கு உரிமையில வர்றது. தாத்தா அந்த அண்டாவைப் பாசமாத்தான் கொடுத்தார், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. பாசத்தைக் காட்டி பங்கை மறைச்சதுதான் தப்பு.

என் பொண்ணு கல்யாணத்துக்கும் குடத்துல பேர் வெட்டித்தான் கொடுத்தோம். இருக்கிற கொஞ்ச நிலத்துல அவ பங்கையும் அவ பேருக்கே எழுதிட்டேன். என் பையன் ஒண்ணும் சொல்லலை, சொந்தக்காரங்கதான் ரெண்டு மூணு பேர் முகம் சுளிச்சாங்க. அம்மாவோட அண்டா யாருக்குங்கிறதுதான் இன்னும் முடிவாகலை. என் தங்கச்சியும் கேட்குது, பொண்ணும் கேட்குறா. பழைய இரும்புக்காரருக்குப் போகாம, அதுக்கு ரெண்டு பேர் போட்டி போடறாங்களே, எனக்கு அதுவே சந்தோஷம்.

இந்தப் போகிக்குப் பரண்ல ஏறுனீங்கன்னா, கையில ஒரு ஈரத்துணி எடுத்துக்கோங்க. தூசியைத் துடைச்சுட்டு, யார் பேர் இருக்குன்னு பாருங்க.